விதை இல்லை என்று ஒரு சான்றிதழ்

கல்லூரி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், நகல் இயந்திரத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவே ஒரு சின்ன அறை. கதவில் 'மாணவர் விதை நிதிப் பிரிவு' என்று பலகை. புதிதாகச் சேர்கிற பிள்ளைகளில் வருடத்துக்கு இரண்டு பேராவது அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, ரோஜாச் செடி கிடைக்குமா என்று கேட்பார்கள். உள்ளே இருக்கும் அம்மாள் சிரிக்காமல், இங்கே விதை என்றால் தொழில் தொடங்கக் கொடுக்கும் பணம் என்று விளக்கிச் சொல்லி அனுப்பிவைப்பார்.

அந்த அம்மாளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. வருகைப் பதிவேட்டோடு அதன் புழக்கம் முடிந்துவிடும். மாணவர்களுக்கு அவர் ஸ்டிக்கர் அக்கா. நிதியில் வாங்கிய பொருள் எதுவானாலும், ஆளுயர இயந்திரமானாலும் ஒரு கத்தரிக்கோலானாலும், அதன்மேல் நிதியின் பெயரும் எண்ணும் தாங்கிய ஸ்டிக்கர் இருக்க வேண்டும் என்பது விதி. விதிப் புத்தகத்தில் அது பதினாலாவது; அக்காவின் மனதில் முதலாவது. ஸ்டிக்கர் வைக்க வாங்கிய டப்பாவின் மேலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியவர் அவர். கேலி செய்தால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

நிதியின் கதை இதுதான். அந்தக் கல்லூரியில் படித்து வெளிநாட்டில் முன்னுக்கு வந்த ஒருவர், தன் சொத்தில் ஒரு பங்கை எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரே நிபந்தனை: பணம் வாங்கும் மாணவர் தன் தொழில் யோசனையை இன்னொரு நாட்டில், அங்குள்ள ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து, எட்டு வாரம் செய்து பார்க்க வேண்டும். தெரியாத ஊரில் நிற்கிற யோசனைதான் நிற்கும் என்று அந்தப் பெரிய மனிதருக்கு ஒரு நம்பிக்கை.

பதினெட்டு வருடமாக அந்த யோசனைகளை வரிசைப்படுத்தி, கோர்த்து, குழுவின் முன் வைப்பவர் அக்கா. அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. கடலைப் பார்த்ததே இரண்டு தடவை. ஆனால் அவர் மேசையைத் தாண்டித்தான் பிள்ளைகள் எங்கெங்கோ போய் வந்தார்கள். மழைநீரில் சோப்புப் போடப் போனவர்கள், பழைய பாராசூட் துணியில் பை தைக்கப் போனவர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அக்கா முதல் தடவை பார்க்கிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு படிப்பார். இந்த ஆச்சரியப்படும் வியாதி அவருக்குப் பிறவியிலேயே உண்டு. அலுவலகத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தும் தீரவில்லை என்றால் இனி எங்கே தீரப்போகிறது?

அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் சொல்வார்: "நான் ஆளுங்கள மேல அனுப்புறேன், நீ வெளிய அனுப்புற. கடைசில நாம ரெண்டு பேரும் கீழயே நிக்கிறோம் பாத்தியா?"

"நிக்கிறதுக்கும் ஆளு வேணுமேங்க" என்பார் அக்கா.

அந்த வருடம் நாற்பத்தேழு விண்ணப்பங்கள் வந்தன. எட்டுப் பக்கப் படிவத்தில் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கும்: 'உங்கள் திட்டத்தால் யாருக்கு என்ன பயன்? நூறு சொற்களுக்குள்.' அந்த இடத்தில்தான் பிள்ளைகள் உலகத்தையே புரட்டிப் போடுவார்கள். புரட்சி, புதிய சகாப்தம், மாபெரும் மாற்றம் என்று நூறு சொல்லில் தொண்ணூறு தோரணம் கட்டும். காலணித் துறையில் இரண்டாம் வருடம் படிக்கிற ஒரு பெண்ணின் படிவத்தில் மட்டும் மூன்றே வரி இருந்தது.

'சர்க்கரை நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். புண் வந்தாலும் வலிக்காது, அதனால் அதன்மேலேயே நடந்துவிடுவார்கள், கடைசியில் காலை எடுக்க வேண்டி வரும். அந்தப் புண்ணுக்கு வலிக்காத குறையை ஈடுகட்டி, அந்த இடத்தை மட்டும் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கிற செருப்பு செய்யப் போகிறேன்.'

படித்து முடித்தபோது அக்காவின் இடது கால் தானாகச் செருப்பை விட்டு வெளியே வந்திருந்தது. மேசைக்கு அடியில் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். நாற்பத்தொன்பது வருடமாகக் கூடவே வருகிற பாதம். அதை அன்றுவரை அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்ததால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒல்லியாக, விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வந்து நின்றாள். அக்கா பேசப் பேச அவள் கண் மேசைக்குக் கீழேயே இருந்தது.

"என் மூஞ்சியப் பாத்துப் பேசும்மா."

"சாரிக்கா. நீங்க இடது குதிகால்லதான் அதிகமா ஊன்றீங்க. செருப்பு ஒரு பக்கம் தேஞ்சிருக்கு. இடுப்பு வலிக்குமே?"

அக்காவுக்கு இடுப்பு வலிக்கிற விஷயம் வீட்டுக்காரருக்கே தெரியாது.

குழுவில் ஐந்து பேர். தலைவர் ஒரு மூத்த பேராசிரியர். நல்ல மனிதர்தான், ஆனால் நறுக்கென்று பேசுவார். "வெளிநாட்டுக்குப் போய்ச் செருப்புச் செய்யப் போறியாம்மா? அங்க செருப்புக் கடையே இல்லையா?" என்று கேட்டார். மற்ற நாலு பேரும் தலைவர் சிரித்த அளவுக்கு அளந்து சிரித்தார்கள். அந்தப் பெண் கலங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தலைவர் முன்னால் வைத்தாள்.

"சார், இத உங்க ஷூக்குள்ள போட்டுக்கங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் எடுக்காதீங்க."

தலைவர் என்ன நினைத்தாரோ, போட்டுக்கொண்டார். அவள் விளக்க ஆரம்பித்தாள். செருப்பின் அடிப்பாகத்தில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும் கருப்பு ரப்பர் மணிகள், பப்பாளி விதை அளவில். நோயாளி அதன்மேல் நின்றால் மணிகள் பாதத்தின் அச்சுக்கு நகர்ந்துகொள்ளும். புண் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே உள்ள மணிகளை எடுத்துவிட்டு, அடுப்பில் லேசாகச் சூடு காட்டினால் அந்த வடிவம் இறுகிவிடும். கடல் தாண்டி ஒரு துறைமுக ஊரில், பாத நோய்க்கென்றே உள்ள ஒரு சின்ன மருத்துவமனை இடம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறது. பத்து நிமிடம் பேசினாள். அதற்குள் தலைவர் நாற்காலியில் எட்டுத் தடவை நெளிந்தார்.

"கல்லு தெரியுதா சார்?"

"தெரியாமலா? உயிர் போகுது."

"அவங்களுக்குத் தெரியாது சார்."

குறிப்பெழுதிக்கொண்டிருந்த அக்காவின் பேனா பாதிச் சொல்லில் நின்றிருந்தது. புல்லரித்துப்போய், எழுத வேண்டிய வாக்கியம் எதுவென்றே மறந்துவிட்டார். தலைவர் குனிந்து ஷூவைக் கழற்றி, கல்லை எடுத்து மேசைமேல் வைத்தார். நிதி ஒப்புதலானது.

இலக்கு நாற்பது பேர். வழக்கமான விதியும் கூடவே: இலக்கில் பாதிகூட எட்டாவிட்டால் அது 'முடிக்கப்படாத திட்டம்'. மீதி நிதி நின்றுவிடும், அந்த யோசனைக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. அந்தப் பெண் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

இனி நம் அக்கா செய்த காரியத்துக்கு வருவோம்.

மணிகளின் கலவை அந்தப் பெண் கல்லூரிக் கூடத்தில் தானே கண்டுபிடித்தது, வேறெங்கும் கிடைக்காது. ஆகவே இருபத்து நாலு பாக்கெட்டில் கட்டிப் பெட்டியில் அனுப்ப வேண்டும். வெளிநாடு போகிற பொருள் என்பதால் ஸ்டிக்கர் ஆங்கிலத்தில். 'ஸ்டூடண்ட் சீட் கிராண்ட்', அதாவது மாணவர் விதை நிதி, அடியில் திட்ட எண் 31. அந்த மாதம் பார்த்து அச்சுக்கடையில் அகலச் சுருள் தீர்ந்துபோய், குறுகலான சுருள்தான் இருந்தது.

கடைக்காரர் போன் செய்தார். "அக்கா, எடம் பத்தல. ஏதாவது எடுத்துடவா?"

"நம்பர் மட்டும் பெருசாத் தெரியணும். மத்தத நீங்களே பாத்துக் கொறச்சுக்கங்க."

அவரும் குறைத்துக்கொண்டார். முதல் சொல்லும் போயிற்று, கடைசிச் சொல்லும் போயிற்று. இருபத்து நாலு பாக்கெட்டிலும், தடித்த எழுத்தில், 'சீட் 31'. அக்கா எண்ணைச் சரிபார்த்தார், கோணல் இல்லாமல் ஒட்டினார், மனநிறைவோடு பெட்டியை மூடினார்.

பெண் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் காலையில் போன் வந்தது.

"அக்கா, பெட்டியப் பிடிச்சு வெச்சுட்டாங்க. பயிர் நோய்த் தடுப்புப் பிரிவுல."

"பயிரா? நாம எங்கம்மா பயிர் அனுப்பினோம்?"

"விதைன்னு நெனைக்கிறாங்க. ஏதோ புது ரகம், முப்பத்தொண்ணாம் நம்பர் விதைன்னு. பாக்கெட்டத் தெறந்து பாத்தா உள்ளயும் கருப்பா உருண்டையா இருக்கு. ரப்பர்னு சொன்னா, 'இப்ப எல்லா விதைக்கும் மேல்பூச்சு பூசித்தான் விக்கிறாங்க, நீங்களே விதைன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க'ங்கறாங்க. அனுப்புன நாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு ஆபீஸ் எழுதித் தரணுமாம். இருபது நாளுக்குள்ள வரலன்னா எரிச்சுடுவாங்களாம்."

அக்கா டப்பாவில் மிச்சமிருந்த ஒரு ஸ்டிக்கரை எடுத்துப் பார்த்தார். இங்கே விதை என்றால் பணம் என்று பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு விளக்கியவர், கடலுக்கு அப்பால் அதை விளக்க ஆள் இல்லை என்பதை அப்போதுதான் நினைத்தார். நாற்பது பேருடைய கால்கள் தன் மேசையில் ஒட்டிய காகிதத்தால் கடல் தாண்டி நின்றுபோயிருக்கின்றன. சிரிக்கிற விஷயமாக இருந்தும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் தப்பும்மா. நாந்தான் எழுத்தக் கொறைக்கச் சொன்னேன்."

"அத விடுங்கக்கா. நான் அதுக்குள்ள எல்லார் காலையும் அளவெடுத்து வெச்சுடறேன்."

பயிர்ப் பாதுகாப்பு அலுவலகம் நகரத்தின் மறுகோடியில். கல்லூரிக் கூடத்தில் மிச்சமிருந்த மணிகளை ஒரு காகிதத்தில் பொதிந்துகொண்டு இரண்டு பேருந்து மாறிப் போனார். அங்கிருந்த அதிகாரி பொறுமைசாலி. மணியைக் கையில் உருட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"அம்மா, நோய் இருக்கிற விதைன்னா நோய் இருக்குன்னு எழுதுவேன். நோய் இல்லன்னா இல்லன்னு எழுதுவேன். விதையே இல்லன்னு எழுத என்கிட்ட படிவம் இல்லையே."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் குரலை உயர்த்தியிருப்பார்கள். அக்கா தலையாட்டினார். படிவம் இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இல்லாத படிவத்தைத் தலைகீழாக நின்றாலும் வரவழைக்க முடியாது, இருக்கிற படிவத்துக்குள்தான் புகுந்து வெளியே வர வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"சார், உங்ககிட்ட இருக்கிற படிவத்துல எங்கயாவது சைபர்னு எழுதற மாதிரி ஒரு கட்டம் இருக்கா?"

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, ஒரு மஞ்சள் படிவத்தை எடுத்து, விரலை நடுவில் ஒரு கட்டத்தில் வைத்தார். 'முளைப்புத் திறன்: நூற்றுக்கு ____'.

"இருக்கு" என்றார். "ஆனா சும்மா எழுத முடியாது. வெதச்சுப் பாக்கணும். பத்து நாள்."

விதைப் பரிசோதனைக் கூடம் அதே கட்டடத்தின் கீழ்த்தளம். அதைப் பார்த்துக்கொண்ட அம்மாளுக்கு அக்காவின் வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னபோது சிரித்துவிடுவாரோ என்று அக்கா பயந்தார். அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவினார். கண்ணாடித் தட்டில் ஈரத்தாளை விரித்தார். இடுக்கியால் ஒவ்வொரு மணியாக எடுத்து, பத்துக்குப் பத்து வரிசையில், ஒன்றோடொன்று தொடாமல் வைத்தார். நூறு ரப்பர் மணிகள். கடைசி வரிசையில் ஒன்று உருண்டு பக்கத்து மணியில் இடித்தது. அதை எடுத்து மறுபடி அதன் இடத்தில் வைத்தார்.

"ரப்பர்தானேங்க, கொஞ்சம் கிட்ட இருந்தா என்ன?" என்றார் அக்கா, தாங்க முடியாமல்.

"ரப்பரா இல்லையான்னு பத்தாம் நாள்தான் எனக்குத் தெரியும். அதுவரைக்கும் விதைதான். நெருக்கி வெச்சா, முளைக்க எடம் குடுக்கலன்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான்."

அக்கா மலைத்துப்போய் நின்றார். தான் மட்டும்தான் உலகத்தில் இப்படி என்று அத்தனை வருடம் நினைத்திருந்தார். இதோ தன்னைப் போலவே ஒருத்தி, கட்டடத்தின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில், முளைக்காது என்று தெரிந்த ஒன்றுக்கு முளைக்க எல்லா வாய்ப்பும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேர்த்தியைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பத்து நாளும் அக்கா ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்பி, அலுவலகத்துக்கு முன் அந்தக் கூடத்துக்குப் போனார். சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்கு உண்மையைச் சொன்னார்.

"முளைச்சுடுமோன்னு பயமா இருக்குங்க."

வீட்டுக்காரர் பெரிதாகச் சிரிக்க வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து அப்படியே அடக்கிக்கொண்டார். "முளைக்காதும்மா. நான் பொறுப்பு" என்றார், ஏதோ லிஃப்ட் கயிற்றுக்கு உத்தரவாதம் தருகிற மாதிரி.

ஏழாம் நாள் காலை அக்கா தட்டைப் பார்த்தவர் உறைந்துபோனார். நாலாவது வரிசையில் ஒரு மணியின் பக்கத்திலிருந்து, வெள்ளையாக, மெல்லியதாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கையை மட்டும் நீட்டிக் காட்டினார். கூடத்து அம்மாள் லென்ஸை எடுத்துக் குனிந்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அக்காவுக்கு ஒரு யுகம் போனது. பிறகு இடுக்கி இறங்கியது. வெள்ளை இழை தனியாக வந்துவிட்டது.

"துண்டு நூல். என் கைத்துண்டுதான்" என்றார். "நானும் ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன்."

இரண்டு பேரும் அப்போது சிரித்த சிரிப்பைக் கேட்டு மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

பத்தாம் நாள் மஞ்சள் படிவம் நிரப்பப்பட்டது. பயிரின் பெயர்: அறியப்படவில்லை. விதைத்தவை: நூறு. முளைத்தவை: இல்லை. முளைப்புத் திறன்: நூற்றுக்கு சைபர். "இவ்ளோ ஒழுங்கா முளைக்காத விதைய நான் பாத்ததே இல்ல" என்றபடி கூடத்து அம்மாள் முத்திரை குத்தினார். முத்திரையும் கோணாமல் விழுந்தது. அதிகாரியின் கையெழுத்துக்கும், அதை வெளிநாட்டுக்கு அனுப்பும் நடைமுறைகளுக்கும் இன்னும் ஐந்து நாள் போயிற்று.

கெடு முடிய ஒரே நாள் இருக்கும்போது பெட்டி விடுதலையானது. அதுவும் ரப்பர் என்று ஒப்புக்கொண்டு அல்ல. அந்த நாட்டுச் சட்டத்தில் முளைக்காத விதை என்றால் மாலை கோர்க்கிற மணியின் கணக்கில் வருமாம். அலங்காரப் பொருள் என்று சீட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். மருத்துவமனைக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தபோது எட்டு வாரத்தில் கிட்டத்தட்ட பாதி கரைந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து, நடுப்பகலில், அந்தப் பெண் வீடியோவில் கூப்பிட்டாள். வெள்ளைச் சுவர், உயரமான ஜன்னல், ஒரு நீள வராந்தா. வராந்தாவின் கோடியில் கட்டுமஸ்தான ஒரு பெண்மணி, பேருந்து ஓட்டுநராம். ஏழு மாதமாகப் புண் ஆறாமல் சக்கர நாற்காலியில் இருந்தவர். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். கையைச் சுவரில் வைத்தார், எடுத்தார். பிறகு நடந்து வந்தார். வேகமாக எல்லாம் இல்லை. கீழே எதையோ தேடுகிற மாதிரி தன் காலையே பார்த்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக. கேமராவுக்கு எதிரில் வந்து நின்று, அவர் மொழியில் ஏதோ கேட்டார்.

"என்னம்மா சொல்றாங்க?"

"திரும்பிப் போலாமான்னு கேக்கறாங்க அக்கா. இன்னொரு தடவ நடக்கணுமாம்."

'பயனடைந்தவர்கள் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் அக்கா பதினெட்டு வருடமாக எழுதாத எண்ணா? அறுபது, நூற்றுப் பன்னிரண்டு, முந்நூறு. அந்த எண்களுக்குள் இப்படி ஒரு நடை இருக்கும் என்று எந்தப் படிவமும் அவருக்குச் சொன்னதில்லை. அன்று மாலை வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து போனார்.

முதல் ஜோடிகளுக்கு நாலைந்து நாள் பிடித்தது, கை பழகிய பிறகுதான் வேகம் வந்தது. மருத்துவமனையில் இருந்தது ஒரே ஒரு அடுப்பு. எட்டு வாரம் முடிந்து அந்தப் பெண் திரும்பியபோது செருப்பு போட்டிருந்தவர்கள் பதினொரு பேர். இருபது பேராவது இருந்திருந்தால் பாதி என்று கணக்குக் காட்டலாம்.

அவள் இறுதி அறிக்கையைப் பார்த்தபோது அக்காவுக்குச் சுருக்கென்றது. 'தாமதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில், 'சுங்க நடைமுறை' என்று இரண்டே சொல் எழுதியிருந்தாள். ஸ்டிக்கரைப் பற்றி மூச்சுக் காட்டவில்லை.

"ஏம்மா இப்படி எழுதின?"

"பொய் இல்லையேக்கா. சுங்கத்துலதான நின்னுச்சு?"

அக்கா சரிபார்ப்புத் தாளை எடுத்து வழக்கம்போல் நிரப்பினார். பதினொரு ஜோடி, ஒவ்வொரு பாதத்துக்கும் ஒரு படம், ஆக இணைப்பு இருபத்திரண்டு படங்கள். டிக் அடித்துக் கோப்பில் கோர்த்தார்.

குழு கூடியது. தலைவர் அறிக்கையைப் புரட்டினார். "பதினொண்ணு. நாப்பதுக்குப் பதினொண்ணு. எனக்கும் மனசு இல்லம்மா, ஆனா விதி விதிதான்" என்றார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

பதினெட்டு வருடத்தில் அந்த அறையில் அக்கா குறிப்பெழுதியிருக்கிறார், தேநீருக்குச் சொல்லியிருக்கிறார், ஜன்னலைச் சாத்தியிருக்கிறார். பேசியதில்லை. அன்று எழுந்து நின்றார்.

"சார், மூணு வாரம் போனது அந்தப் பொண்ணால இல்ல. என்னால."

கையோடு கொண்டுவந்திருந்த 'சீட் 31'-ஐ மேசையில் வைத்தார். கடைக்காரரின் போனிலிருந்து மஞ்சள் படிவம் வரை ஒன்று விடாமல் சொன்னார். தன்மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றும், அந்த மூன்று வாரத்தைத் திட்டத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை என்றும் சொன்னார். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார். தலைவர் சிரிக்கவில்லை. ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தப்ப நீங்களே வந்து சொல்றீங்க, சரி. ஆனா கோப்பும் சரியா இருக்கணும் இல்லையா?" என்று சொல்லிப் படங்களை எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நிமிர்ந்தார்.

"இருபத்திரண்டுன்னு டிக் போட்டிருக்கீங்க. படம் இருபத்தொண்ணுதான் இருக்கு. ஒண்ணு எங்க?"

அக்கா எண்ணவில்லை. பதினொன்றை இரண்டால் பெருக்கியதோடு சரி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கவில்லை. இத்தனை பேச்சுப் பேசிவிட்டு, அதே கோப்பில், அதே கையால், இன்னொரு தப்பு.

"அக்கா மேல தப்பில்ல சார். படம் எதுவும் விட்டுப்போகல" என்றாள் அந்தப் பெண். "ஒன்பதாவது ஆளுக்கு அந்த ஒரு கால்தான் சார் இருக்கு."

தலைவரின் கை படங்களின்மேல் அப்படியே நின்றது. பிறகு அவர் ஒன்பதாவது ஆளின் படத்தைத் தனியாக எடுத்துக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் எத்தன பேரும்மா காத்திருக்காங்க?"

"இருபத்தொன்பது பேர் சார். அளவெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன்."

தலைவர் மற்ற நாலு பேரையும் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. திட்டக் காலத்தை மூன்று வாரம் நீட்டித்து அக்காவை எழுதச் சொன்னார். எழுதுவதற்கு முன் அக்கா சரிபார்ப்புத் தாளை இழுத்து, இருபத்திரண்டை அடித்துவிட்டு இருபத்தொன்று என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கால் இப்ப எப்படிம்மா இருக்கு?"

"புண்ணு மூடிடுச்சுக்கா."